பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு வாசல்

என் கை நடுங்கியதால்தான் இத்தனையும் வந்தது.

சித்திரைத் திருவிழா முடிந்து தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்த நேரம். கல்லூரி இரண்டாம் ஆண்டுப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, அண்ணனை நச்சரித்து அங்கே போயிருந்தேன். ராட்டினத்துக்கும் டில்லி அப்பளக் கடைக்கும் நடுவில் புதிதாக ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆள் உயர மரப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியின் நெஞ்சிலும் ஒரு டி.வி. வாசலில் மைக் பிடித்தவர் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"டி.வி.ல அடுத்தவன் ஆடுறதப் பாத்தது போதும்ணே! இன்னைக்கு நீங்களே உள்ள போய் ஆடலாம்! வீடியோ கேம், வீடியோ கேம்!"

தீக்குச்சி மாதிரி ஒரு வெள்ளை மனிதன் ஒரு கோட்டைக்குள் ஓடுவான். மேலிருந்து கல் விழும். ஓரிடத்தில் இரண்டு வாசல் வரும். என் முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் கைப்பிடியை வலது பக்கம்தான் இழுத்தார்கள். முதல் ஆள் வலது பக்கம் போனான், மற்றவர்களும் போனார்கள். வலது வாசலுக்கு அப்பால் பாலம், பாம்பு, பிறகு சாவு. வரிசை முழுவதற்கும் அந்தப் பாலமும் பாம்பும் மனப்பாடமாகிவிட்டன.

என் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "பொம்பளப் புள்ள ஆடப் போகுதுடா, ரெண்டு நிமிசத்துல நம்ம டர்ன் வந்துரும்." சிரிப்பு. எனக்குக் கை நடுங்கியது. கைப்பிடி இடது பக்கம் போய்விட்டது.

இடது வாசலுக்குள் ஓர் அறை இருந்தது. நீல நிறத்தில், தரையெல்லாம் தண்ணீர், நடுவில் ஒரு விளக்கு. அதுவரை யாரும் பார்த்திராத அறை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். "ஏ, இது எங்கிட்டுருந்துடா வந்துச்சு?" என்றான் ஒருவன். எங்கிருந்தும் வரவில்லை. காலையிலிருந்து அங்கேயேதான் இருந்தது. ஒரு டோக்கனுக்கு மூன்று உயிர்; மூன்றையும் அந்த அறைக்குள்ளேயே விட்டேன், மூன்று முறையும் ஐந்தாவது நொடியில் என் தீக்குச்சி மனிதன் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். எனக்குக் கவலையே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணன் அப்பளத்தை நொறுக்கியபடி, "தடவைக்கு அஞ்சே செகண்டு. உனக்கெல்லாம் டோக்கன் வாங்கித் தந்தேன் பாரு" என்றான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையில் இப்படி ஓர் அறை இருந்தால்? படிக்கிறவர் வாசலைத் தேர்ந்தெடுக்கிற கதை. தேர்ந்தெடுக்காத வாசலுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிற கதை.

மறுநாள் காலையே என் தோழி வீட்டுக்கு ஓடினேன்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வகுப்புதான். நாங்கள் கே.கே. நகரில், மின்வாரிய குமாஸ்தா குடும்பம். அவர்கள் வீடு மஹால் பக்கத்துச் சந்து ஒன்றில். அப்பா ஜவுளி வியாபாரம், தாத்தா காலத்தில் தறி. வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசல்படி தாண்டினால் தமிழ். இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடாமல் மாறுவாள். அவள் கையெழுத்து, அச்சுக்கோத்ததைவிட ஒழுங்காக இருக்கும். படமும் வரைவாள்.

எங்கள் சிநேகிதமே பாட்டுப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தது. சினிமாக் கொட்டகை வாசலில் விற்பார்களே, அந்த மெல்லிய புத்தகம். பாட்டுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். கதாநாயகி ரயிலடியில் நிற்பாள், வில்லன் வருவான், கடிதம் காணாமல் போகும், அந்த இடத்தில் கதை அறுந்துவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க. எங்கள் இருவர் வீட்டிலும் வருஷத்துக்கு ஒரு படத்துக்குமேல் அழைத்துப்போக மாட்டார்கள். ஆகவே வெள்ளித்திரை எங்களுக்கு இல்லை. மீதியை நாங்களே எழுதிக்கொண்டோம், ஆளுக்கொரு மீதி. என்னுடையதில் துப்பாக்கி வெடிக்கும், அண்ணன்காரன் கூரையைப் பிரித்துக்கொண்டு குதிப்பான். அவளுடையதில் கதாநாயகி ரயிலில் ஏறிப் போய்விடுவாள், அவ்வளவுதான். "இதுல என்னடி கதை இருக்கு?" என்று கேட்பேன். "ஏறுறதுதான்டி கதை" என்பாள்.

நான் அடித்துச் சொல்வேன், நம் ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த உருப்படியான கதைப் பயிற்சி அந்தப் பாட்டுப் புத்தகங்கள்தான். முழுப் படம் பார்த்தவர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள். பாதிக் கதை வாங்கியவர்கள்தான் யோசித்தார்கள்.

அன்று காலை நான் மூச்சிரைக்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள், "எங்க வீட்ல பூக்கட்டிப் போட்டாங்கடி" என்றாள்.

அவளுக்கு ஒரு ஜாதகம் வந்திருந்தது எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இவர்கள் வீட்டில் சாமி முன்னால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"வெள்ளை வந்துச்சு. ஆவணில கல்யாணம்."

"அப்ப மூணாம் வருசம்?"

"அதுக்குப் பொட்டலமே கட்டலையே" என்றாள். கோபமில்லாமல், ரிக்கார்டு நோட்டில் விடுபட்ட கணக்கைச் சொல்கிற மாதிரி. "யாரும் படிக்க வேணாம்னு சொல்லலடி. யாரும் கேக்கவே இல்ல."

அவள் மாப்பிள்ளையைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போட வேண்டும், பட்டத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை வாய்திறந்து வீட்டில் சொல்வதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. அப்படிப் பேசுகிற பெண்ணை அவள் வீட்டிலும் பார்த்ததில்லை, திரையிலும் பார்த்ததில்லை.

நாங்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று போடுவது என்று தீர்மானித்தோம். கல்லூரிகளில் எல்லாரும் போடுவதுதான். ஒரே பிரதி, கையால் எழுதிப் படம் வரைந்து தைத்தது, ஒருவர் படித்து அடுத்தவருக்கு. கடைசியில் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருக்கும், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுத. எங்கள் இதழில் ஒரே கதை, அதுவும் வாசல்கள் வைத்த கதை. நாற்பது பக்கம். கல்லூரிப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள், வாசலில் தெரியாத செருப்புகள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் கையில் காபித் தட்டு. அங்கேதான் இரண்டு வாசல்: தட்டோடு உள்ளே போனால் பதினாறாம் பக்கம். தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினால் பத்தொன்பதாம் பக்கம்.

பதினாறு என்னுடையது. மாப்பிள்ளை வீட்டார் நகைக் கொள்ளைக் கூட்டம், வைகைப் பாலத்தில் துரத்தல், அண்ணனின் வருகை, சுபம். பத்தொன்பது அவளுடையது. பத்தொன்பதிலிருந்து இருபத்து மூன்று, அங்கிருந்து இருபத்தேழு. இருபத்தேழாம் பக்கத்தில் அந்தப் பெண் பேசுகிறாள். ஒரு பக்கம் முழுக்க, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் முதலில் படித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனேன். கதை என்று சொல்ல அதில் எதுவும் நடக்கவில்லை. ஒருத்தி தனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறாள், அவ்வளவுதான்.

கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது அவள் சொன்னாள்: "அவங்க பொட்டலம் போட்டாங்கள்ல, நானும் போடுறேன். ஒரே ஒருத்தி இந்த இருபத்தேழத் தொறந்து படிச்சா போதும். நான் எங்கப்பாகிட்ட பேசிருவேன்."

"ஒருத்தி என்னடி, நூறு பேரு தொறப்பாங்க."

"நீ சொல்லித் தொறந்தா செல்லாது. தானா தொறக்கணும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். இரண்டு வாசல் வைத்தால் பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. கணக்கு அப்படித்தானே சொல்கிறது?

வைகாசி முழுக்கப் புத்தகம் சுற்றியது. பதினோரு பேர். அண்ணன் முதல் ஆள். பிறகு எதிர்வீட்டு டீச்சர், அவர் தங்கை, பசுமலையிலிருந்து வரும் எங்கள் வகுப்புத் தோழி, அவள் வழியாக அவள் தெருவில் ஏழு பேர். புத்தகம் வெளியே இருந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோழி ஒன்றும் கேட்கமாட்டாள். பஸ் நிறுத்தத்தில் பார்க்கும்போது புருவத்தை மட்டும் உயர்த்துவாள். புத்தகம் இன்னும் திரும்பவில்லை என்று நான் தலையாட்டுவேன்.

ஆனி பிறந்தபிறகு புத்தகம் திரும்பி வந்தது. அபிப்பிராயப் பக்கம் நிறைந்திருந்தது. "கையெழுத்து முத்து முத்தாக உள்ளது." "வைகைப் பாலத் துரத்தல் பிரமாதம்!" "அண்ணன் பாசம் கண்ணீரை வரவழைத்தது." அண்ணன் எழுதியிருந்தான்: "அண்ணன் பாத்திரத்துக்கு இன்னும் இரண்டு சண்டை வைத்திருக்கலாம்." இருபத்தேழைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதாவிட்டால் என்ன, படித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் புத்தகத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

பதினோரு பேரின் விரல்கள் அதில் இருந்தன. பன்னிரண்டாம் பக்கத்து மூலை கறுத்து மடிந்திருந்தது. பதினாறு எண்ணெய்க் கறை. பதினேழில் யாரோ குழம்பைச் சிந்தியிருந்தார்கள். பாலத்துப் பக்கங்கள் துணி மாதிரித் துவண்டிருந்தன. பத்தொன்பதும் இருபத்து மூன்றும் இருபத்தேழும், அவள் தைத்துக் கொடுத்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே, வெள்ளை வெளேரென்று, மூலை விறைத்து நின்றன. யாரும் தொடவில்லை. பதினோரு பேரும் வலது வாசலில் போயிருந்தார்கள்.

அண்ணனைப் பிடித்தேன். "பன்னெண்டாம் பக்கத்துல ஏன்ணே பதினாறுக்குப் போன?"

"பின்ன? ஆளுக வந்து உக்காந்திருக்காக, காபி ஆறிப்போகும்ல?"

"இன்னொரு வழி இருந்துச்சே."

"இருந்துச்சா?" என்று யோசித்தான். "அது ஏதோ தப்பான விடை மாதிரில்ல இருந்துச்சு. பரீட்சையில குடுப்பாகளே, நாலுல மூணு சும்மா."

பசுமலைக்குப் பஸ் ஏறினேன். வகுப்புத் தோழி மலையடிவாரத்து வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "ஏய், கதை சூப்பர்டி! எங்கம்மாகூட வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க" என்றாள். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே பதில் சொன்னாள்.

"தட்டைக் கையில எடுத்துட்டா உள்ள போய்த்தானடி ஆகணும்? அப்புறம் எதுக்கு எடுக்குறது?"

"சரி, ஒரு தடவ முடிஞ்சதும் திரும்பி வந்து மத்த பக்கத்தப் பாக்கணும்னு தோணலையா?"

"அதான் சுபம் போட்டுட்டியே. சுபம் வந்தா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அடுத்தவங்க காத்துக்கிட்டு இருக்கும்போது நாம வச்சுக்கிட்டு இருக்கலாமா? அன்னைக்கே குடுத்து விட்டுட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, அம்புட்டு முக்கியமா அது? கொண்டா, இப்பவே படிச்சிர்றேன்" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

புத்தகம் என் பைக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் படித்திருப்பாள். ஆனால் நான் சொல்லித் திறந்தால் செல்லாது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்லடி, கொண்டு வரல" என்று பொய் சொன்னேன். திரும்பி வரும் பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவேயில்லை, சாவு வீட்டுக்குப் போகிறவள் என்று நினைத்திருப்பார்.

அந்தப் பஸ்ஸில்தான் எனக்குப் புரிந்தது. பொருட்காட்சி விளையாட்டில் சாவு உண்டு, முடிவு கிடையாது. செத்தால் அடுத்த உயிர், அதுவும் தீர்ந்தால் அடுத்த டோக்கன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்தத் தீக்குச்சி மனிதனுக்கு மூன்று உயிர். அதனால்தான் யாராவது ஒருவர் என்றாவது இடது பக்கம் இழுப்பார், கை நடுங்கியாவது. நம் கதைகளில் ஆளுக்கு ஓர் உயிர்தான். சுபம் என்று எழுதிவிட்டால் விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நான் விளையாட்டிலிருந்து வாசலை மட்டும் திருடினேன், உயிரைத் திருட மறந்தேன். அதோடு, என் பாதையை அப்படி மினுக்கி வைத்திருந்தேன். பாலம், துப்பாக்கி, அண்ணன். என் துரத்தலில் பதினோரு பேரும் ஓடிப்போக, அவள் பக்கத்தில் விளக்கு வீணாக எரிந்துகொண்டிருந்தது.

புரிந்து என்ன பயன்? மறுநாள் அவள் வருவதாக இருந்தது. ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதக் கடிதம் எழுதப்போகிறார்கள். மூன்றாம் ஆண்டுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதியும் நெருங்கிவிட்டது. அவள் இருபத்தேழின் மூலையைப் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். தாளித்த வாணலியின் விளிம்பில் கட்டைவிரலைத் தேய்த்தேன். இருபத்தேழாம் பக்கத்து மூலையில் அழுத்தினேன். இரண்டு முறை, வேறு வேறு கோணத்தில். பிறகு இடது கையால் பேனாவைப் பிடித்து அபிப்பிராயப் பக்கத்தில் எழுதினேன்: "27-ஆம் பக்கம் படித்தேன். இப்படியும் பேசலாம் என்று இன்றுதான் தெரிந்தது. – ஒரு வாசகி." எழுத்து கோணல் மாணலாக, நிஜமாகவே யாரோ ஒரு பெண் பயந்து எழுதியது மாதிரி இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அப்படி ஒருத்தி எங்கோ இருக்கத்தானே வேண்டும்?

அவள் மறுநாள் வந்து பாயில் உட்கார்ந்து, நேராக அபிப்பிராயப் பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றாள். முகம் மாறியதை நான் பார்த்தேன். ஓர் ஆறேழு நொடி இருக்கும். நான் இதுவரை எழுதிய எந்தக் கதைக்கும் யாரும் அப்படி ஒரு முகம் காட்டியதில்லை. இருபத்தேழுக்குப் போனாள். கறையைத் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு, இரசாயன ஆய்வகத்தில் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற பழக்கத்தில், இருபத்து மூன்றுக்குப் போனாள். பத்தொன்பதுக்குப் போனாள்.

இரண்டும் வெள்ளை.

"பத்தொம்பதுக்கு வராம, இருபத்து மூணுக்கு வராம, நேரா இருபத்தேழுக்கு வந்துருக்கா" என்றாள் மெதுவாக. "வானத்துலருந்து குதிச்சாளாடி உன் வாசகி?"

நான் கட்டைவிரலைத் தாவணியில் தேய்த்தேன்.

"அழுகுணி ஆட்டம் ஆடுற" என்றாள். சின்ன வயதில் பாண்டி ஆட்டத்தில் ஏமாற்றுகிறவளுக்குச் சொல்லுகிற வார்த்தை. "எங்கிட்டயே ஆடுற."

"நீ பேசணும்னுதான்டி..."

"நான் பேசியிருப்பேன். இந்த ஒரு வரிய நம்பி இன்னைக்குச் சாயங்காலமே போய்ப் பேசியிருப்பேன். எங்கப்பா ஏன்னு கேட்டா எதைக் காட்டியிருப்பேன்? உன் கட்டைவெரலையா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். புத்தகத்தைப் பாயில் வைத்துவிட்டு, "பதினோரு பேரும் வெள்ளப் பூவத்தான் எடுத்துருக்காங்க. போதும்டி" என்று எழுந்தாள். செருப்பை மாட்டும்போது, "ஆனா பாரு, வேற கையெழுத்துல அந்த வரியப் படிக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மூன்று நாள் நான் அவள் பக்கம் போகவில்லை. புத்தகத்தை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். சாப்பிட்டேனா என்பதுகூட ஞாபகமில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாக் கதைகள் மேலும் வெறுப்பு வந்தது. கொட்டகையில் விசில் அடிக்கிறவர்கள், மாத நாவலைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள், ஒலிச்சித்திரம் கேட்டு மூக்கைச் சிந்துகிறவர்கள், இவர்கள் யாருக்கும் இன்னொரு வாசல் வேண்டாம். தெரிந்த பாலத்தில், தெரிந்த பாம்பு கடித்துச் சாக வேண்டும், அதுதான் சுகம். இவர்களுக்கு எதற்கு நான் எழுத வேண்டும்? ஒரு வாசகிகூட இல்லாத ஊரில் நானே ஒரு வாசகியாக வேஷம் போட்டேனே, அந்தக் கேவலம் வேறு.

ஒலிச்சித்திரம் என்று நினைத்தபோதுதான் அவள் அப்பா ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்கு வெட்டி, வசனமாக. அந்த நேரத்தில் அவள் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. அவள் அப்பா சாய்வு நாற்காலியை ரேடியோ பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவார். ஊருக்கெல்லாம் அமைதியான மனுஷர். கடையில் துணி அளக்கும்போது பேசுகிற நாலு வார்த்தைகூட வீட்டில் இல்லை. ஆனால் ரேடியோவோடு சண்டை போடுவார். வீட்டுப் பாஷையில் அல்ல, தமிழில்! "அட கூறுகெட்டவனே, அந்தக் கடுதாசியப் பிரிச்சுத்தான் பாரேன்டா!" "ஏம்மா, நீ எதுக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கிற, சொல்லித் தொலையேன், அவன் கெட்டவன்னு!" ஒருமுறை நானே கூடத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கதாநாயகி பேசாமல் அழுதபோது அவர் நாற்காலியின் கையைத் தட்டி, "பேசு! பேசும்மா!" என்று கத்தினார். அடுப்படியில் அவளும் நானும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கதைக்குள் கையை விட்டு அதைத் திருப்பப் பார்க்கிற ஒரே மனிதர் எனக்குத் தெரிந்தவரையில் அவர்தான். வாரா வாரம் கைப்பிடி இல்லாத பெட்டி முன்னால் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். அவர் கையில் ஒரு கைப்பிடியைக் கொடுத்தால்?

இன்று சனிக்கிழமை. காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். முதலில் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பன்னெண்டாவது ஆளு ஒருத்தர் பாக்கி இருக்கார்" என்றேன்.

"போடி."

"உங்கப்பா."

உள்ளே அவள் அம்மா ஏதோ அவர்கள் பாஷையில் கேட்க, இவள் ஏதோ பதில் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

"அவரு புத்தகம் எல்லாம் படிக்க மாட்டாருடி."

"படிக்க வேணாம். நான் வாசிக்கிறேன், ஒலிச்சித்திரம் மாதிரி. தட்டு வர்ற எடத்துல நிப்பாட்டிட்டு, எதுன்னு மட்டும் கேப்பேன். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன். கண்ணுகூடக் காட்ட மாட்டேன்."

"அவரும் பதினாறுனா?"

"அப்ப திரும்ப வருவோம். மூணு உசுரு. ஆட்டத்துல உண்டு, நான்தான் விட்டுட்டேன். இது அழுகுணி இல்ல, இதுதான் சட்டம்."

கதவுச் சட்டத்தை நகத்தால் சுரண்டினாள். கடிதம் திங்கட்கிழமை தபாலில் போகிறது என்றாள். பணம் கட்டவும் திங்கள்தான் கடைசி. அதையெல்லாம் சொல்லிவிட்டு, "மூணு தடவையும் பதினாறுன்னா, அப்புறம் நீ இதப் பத்திப் பேசவே கூடாது" என்றாள். சரி என்றேன். "நான் கூடத்துக்கு வர மாட்டேன். அடுப்படியில இருப்பேன். காபி போட்டுக்கிட்டு."

மதியம் முழுக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். என் திருட்டு வரியை அடித்துவிட்டேன். இருபத்தேழின் மூலைக் கறை போகவில்லை, இருக்கட்டும். எங்கெல்லாம் சுபம் என்றும் முற்றும் என்றும் எழுதியிருந்தோமோ, அங்கெல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, மேலே எழுதினேன்: பன்னிரண்டுக்குத் திரும்புக. பாலத்துத் துரத்தலில் பாதியை வெட்டினேன். கையை அறுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது, நல்ல துரத்தல் அது. அண்ணன் எட்டிப் பார்த்து, "அடிப்பாவி, அந்தக் கூரைச் சண்டையவும் எடுத்துட்டியா?" என்றான். எடுத்துவிட்டேன்.

சத்தமாக வாசித்துப் பழகினேன். பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் ஏழு முறை. தட்டோடு உள்ளே போவதைச் சொல்லும்போது ஒரு குரலும், தட்டைக் கீழே வைப்பதைச் சொல்லும்போது இன்னொரு குரலும் வந்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி, தராசு மாதிரி. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் கெஞ்சுகிறது. அவர் துணி அளக்கிறவர், ஒரு விரல் இழுத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

நாளை இரண்டே முக்காலுக்குப் போய்விடுவேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார். ரேடியோ சூடாகிக்கொண்டிருக்கும். "அப்பா, இன்னைக்கு ஒரு நாள் நான் ஒரு கதை வாசிக்கட்டுமா, நடுவுல நீங்க திட்டலாம்" என்று கேட்பேன். ரேடியோவை நான் அணைக்க மாட்டேன். அவராகத்தான் அணைக்க வேண்டும். அணைத்தாரென்றால் செருப்புகள் கிடக்கிற வாசலிலிருந்து ஆரம்பித்து, தட்டு வரைக்கும் போய், புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.